குழாய் வழக்கு

நரேவ் ஆற்றங்கரை ஊர்.
நீதிமன்றத்தின் மூன்றாம் மாடி.
என் வேலை தட்டச்சு.
எனக்குக் கருத்து கிடையாது.
பத்து விரல் உண்டு,
குளிர்காலம் முழுக்கச் சூடேறாத
ஒரு ரேடியேட்டர் உண்டு.

வழக்கு இதுதான்:
கோயிலில் மாதா படம் அழுதது.
அக்டோபரில் தொடங்கி, வலக் கண்ணில் மட்டும்.
வார்சாவிலிருந்து பேருந்துகள் வந்தன.
மெழுகுவத்தி விலை ஏறியது.
குழாய் ரிப்பேர் செய்யும் ஷெமோவித்
மார்ச் மாத ஞாயிறொன்றில்
பூசை முடிந்து கூட்டம் கலைகையில்
எதிர்ச்சுவரில் சாக்பீஸால் எழுதினான்:

"மாதா அழவில்லை, குழாய் ஒழுகுகிறது.
என்னைக் கூப்பிடுங்கள்."

கீழே தொலைபேசி எண்.

மனம் புண்பட்டதாக
நாற்பத்தோரு பேர் கையெழுத்திட்டார்கள்.
அடுத்த வரியை எனக்கு நீட்டினார்கள்.
அரசு ஊழியர் போடக்கூடாது என்றேன்.
அது விதி.
பட்டது பட்டதுதான்.

என் அம்மா தன் கடைசி மூன்று வாரம்
அந்தப் படத்தின் கீழ்தான் உட்கார்ந்திருந்தாள்,
வலி மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிக்கொண்டு.
"அவளும் அழுகிறாள் பார் போக்னா" என்றாள்,
துணைக்கு ஆள் கிடைத்துவிட்ட குரலில்.
சுவரைப் படித்தபோது
கன்னத்தில் அறைந்தது போலிருந்தது எனக்கு.

விசாரணை.
அரசு வழக்கறிஞர் அந்த வாக்கியத்தை வாசித்தார்,
எண்ணோடு சேர்த்து. தட்டினேன்.
சாட்சிகள் ஒவ்வொருவராக வாசித்தார்கள். தட்டினேன்.
ஒருத்தி 'ஒழுகுகிறது' வந்ததும்
சிலுவை போட்டுக்கொண்டு தொடர்ந்தாள்.
சுவரில் இருந்தது ஒரே ஒரு முறை,
அன்றிரவு மழையே அழித்துவிட்டது.
என் பதிவேட்டில் அறுபத்து மூன்று முறை.
அரசாங்க மை, அழியாது.

"உண்மையைச் சொன்னீரா, கேலி செய்தீரா?"
என்று கேட்டார் நீதிபதி.
ஷெமோவித் தொப்பியைத் திருகினான்.
"இரண்டும்தான் அம்மணி.
கூரைக்குள் முக்கால் அங்குலக் குழாய்,
இணைப்பு விட்டுப்போயிருக்கிறது.
பாதிரியாரிடம் மரியாதையாக இரண்டு முறை சொன்னேன்.
மரியாதை யார் காதிலும் விழவில்லை."

அரங்கில் சிரிப்பு என்று
பதிவில் போட வேண்டும். போட்டேன்.
சிரித்தது யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.
நான்தான்.

அன்று மாலை பாலத்தைக் கடக்கையில்
எனக்கே என்மேல் எரிச்சல்.
அம்மாவுக்காகப் புண்பட்டவளும் நான்,
சிரித்தவளும் நான்.
புண்ணுக்கும் வாய் என்றுதானே சொல்கிறோம்.
அது பேசட்டுமே,
அவன் வாசலில் போய் நின்று கத்தட்டுமே.
அவன் வாயைத் தைக்கிற நூலால்
என் புண் எப்படிக் கூடும்?

இதை எழுதும்போதே இன்னொரு சுவர் குறுக்கே வருகிறது.
எதிர்வீட்டில் மின்ஸ்கிலிருந்து வந்த குடும்பம்.
அவர்கள் கதவில் யாரோ எழுதியிருந்ததை
போன வருடம் விடியுமுன்
வாளித் தண்ணீரோடு தேய்த்தவளும் நான்தான்.
குழந்தைகள் எழுவதற்குள் என்று அவசரம்.
அதில் எண் இல்லை.
அது யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை,
போகச் சொன்னது.
இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று கேட்டால்
எனக்குத் தெரியாது.
கை மட்டும் ஒன்றை அழித்தது,
ஒன்றைத் தட்டியது.

இரவு அவனைக் கூப்பிட்டேன்.
எண் மனப்பாடம்.
தீர்ப்புக்கு முன் பேசுவது விதிப்படி தவறு.
ஏழு நிமிடம் விடாமல் திட்டினேன்,
அம்மாவின் பெயரைச் சொல்லி,
வலியைச் சொல்லி,
தொப்பியைக்கூட விடாமல்.
அவன் குறுக்கே பேசவில்லை.

மூச்சு வாங்கியபோது கேட்டான்:
"எந்த பெஞ்சில் உட்காருவார்?"

இரண்டாவது, வலது ஓரம்.

"அங்கேதான் சொட்டும்," என்றான்.
"நனைந்திருப்பாரே."

அம்மாவின் சாம்பல்நிறக் கோட்டு
இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.
இடது தோளில் உள்ளங்கையளவு வெளுப்பு.
ஒவ்வொரு நாளும்
கேட்காமலேயே உலர்த்திக் கொடுத்திருக்கிறேன்.

தீர்ப்பு வியாழக்கிழமை.